பக்கவாத்தியம்: துணையும் கட்டாயமும்

பக்கவாத்தியம் என்ற சொல்லை யோசிக்காமலேயே புழங்கிக்கொண்டிருக்கிறோம். நடுவில் ஒருவர் உட்கார்ந்து பாடுகிறார். அவருக்கு வலப்பக்கம் மிருதங்கம், இடப்பக்கம் வயலின், பின்னால் தம்புரா. நோட்டீசில் பாடுகிறவர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். மற்றவர்கள் பெயர் அதற்குக் கீழே பொடி எழுத்தில். தம்புரா போடுகிறவருக்குப் பெரும்பாலும் பெயரே கிடையாது. சன்மானமும் இதே வரிசையில்தான் இறங்கிவரும். நடுவில் 'தனி' என்று மிருதங்கத்துக்குக் கொஞ்ச நேரம் விடுவார்கள். அந்த நேரம் பார்த்து சபாவில் பாதிப் பேர் காப்பி குடிக்க எழுந்துபோவது எல்லோரும் அறிந்ததுதான்.

இதில் எனக்கொரு கேள்வி இருக்கிறது. இன்னொருத்தர் பாட்டுக்குத் துணையாக வாசித்தே ஒரு மனுசன் தன் ஆயுசைக் கழிக்கிறான் என்றால், அது கலையா, ஊழியமா? இது சங்கீத விமர்சகர்களுக்கான கேள்வி என்று தோழர்கள் ஒதுக்கிவிட வேண்டாம். அடுத்தவன் கல்யாணத்துக்கு, அடுத்தவன் சாவுக்கு, அடுத்தவன் சாமிக்குப் பக்கத்தில் நின்று அடிக்கவைக்கப்பட்ட சனங்கள் நாம். 'விளிம்பிலிருந்து மையத்துக்கு' என்று முப்பது வருசத்துக்கும் மேலாக நம் பத்திரிகைகளில் எழுதிவருகிறோம். அப்படியானால் பக்கத்தில் உட்கார்வதே இழிவா? நடுவில் உட்கார்ந்துவிட்டால் இழிவு போய்விடுமா? இதை நாம் பேசித் தீர்த்துக்கொள்ளவில்லை.

முதலில் ஒரு பக்கவாத்தியக்காரரின் வாழ்க்கையைப் பார்ப்போம். பழநி சுப்பிரமணிய பிள்ளை. 1908இல் பிறந்து 1962இல் இறந்தவர். பிராமணர் அல்லாதவர். புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை வழியில் வந்த வாசிப்பு. தகப்பனார் பழநி முத்தையா பிள்ளையும் மிருதங்கக்காரரே. பாலக்காடு மணி ஐயர், ராமநாதபுரம் முருகபூபதி, பழநி என்று இந்த மூன்று பேரைச் சேர்த்துச் சொல்வது வழக்கம்.

பழநிக்கு இடதுகைப் பழக்கம். அதனால் என்ன என்று நமக்குத் தோன்றும். மிருதங்கத்தின் வலந்தலை கேட்பவர்களைப் பார்த்து இருக்கவேண்டும் என்பது மேடை வழக்கம். வலதுகைக்காரர் பாடகரின் வலப்பக்கம் உட்கார்ந்தால் அது சரியாக வரும். இடதுகைக்காரர் என்றால் அவர் எதிர்ப்பக்கத்துக்குப் போகவேண்டும், அந்த இடத்தில் இருக்கும் வயலின்காரர் இந்தப் பக்கம் மாறவேண்டும். இந்த இடமாற்றத்துக்குச் சம்மதிக்காதவர்கள் இருந்தார்கள். எட்டடி தூரம் நகர்ந்து உட்கார்வதில் என்ன போய்விடும்? எதுவும் போகாது. ஆனால் இன்னாருக்கு இன்ன இடம் என்று பழகிப்போன சமூகத்தில், எட்டடி நகர்வதும் மானப்பிரச்சினை ஆகிவிடும். ஊரில் ஒரு நாற்காலி, ஒரு டீக்கிளாஸ், ஒரு தெரு விசயத்தில் இதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

செம்பை வைத்தியநாத பாகவதர் இந்த விசயத்தில் பிடிவாதமாக நின்றார். பழநியைத் தன் பக்கத்தில் உட்கார்த்தி வாசிக்க வைத்தார். பிறகு பெரிய பாடகர்கள் எல்லோரும் அவரைத் தேடினார்கள். மிருதங்கத்தில் அந்த அளவுக்குப் பேர் வாங்கிய மனிதர், மணி ஐயர் மிருதங்கம் வாசித்த கச்சேரிகளில் கஞ்சிராவும் வாசித்திருக்கிறார். அதாவது பக்கவாத்தியத்துக்கும் பக்கவாத்தியம். அது அவருக்குக் குறையாக இருந்ததாகத் தெரியவில்லை. பாடுகிறவர் எந்த இடத்தில் மூச்சு விடுவார், எந்த இடத்தில் சொல்லை நீட்டுவார் என்று முன்கூட்டியே கேட்டு, தன் அடியை அடக்கிக்கொள்வதில்தான் அவர் பேர் வாங்கினார். வாசித்த அடியைப் போலவே வாசிக்காமல் விட்ட இடத்தையும் சொல்லிச் சொல்லி ரசிகர்கள் மாய்ந்துபோகிறார்கள்.

கடல் தாண்டி ஒரு உதாரணம். டாமி ஃபிளனகன் என்று ஒரு கறுப்பினப் பியானோக் கலைஞர். 1930இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் பிறந்தவர். கறுப்பின மக்கள் உருவாக்கிய ஜாஸ் இசையில் அவர் கை படாத பெரிய இசைத்தட்டு குறைவு. சோனி ராலின்ஸின் 1956 தட்டில் பியானோ அவர். ஜான் கோல்ட்ரேன் 1959இல் பதிவுசெய்த 'ஜயண்ட் ஸ்டெப்ஸ்' தட்டிலும் அவர்தான். பாடகி எல்லா ஃபிட்ஜெரால்டுக்கு 1963 முதல் இரண்டு வருசம், பிறகு 1968 முதல் 1978 வரை பத்து வருசம் துணையாக வாசித்தார். உலகத்துக்கு அவர் 'எல்லாவின் பியானோக்காரர்'. எல்லா பாடும்போது அவர் கட்டைகளில் வைக்கும் நாலு சுரம் பாட்டுக்குத் தரையைப் போட்டுக்கொடுக்கும். தரையை யாரும் பார்ப்பதில்லை.

அந்த 'ஜயண்ட் ஸ்டெப்ஸ்' பதிவில் ஒன்று நடந்தது. மிக வேகமாக சுருதி மாறிக்கொண்டே போகும் உருப்படி. கோல்ட்ரேன் வாசித்து வாசித்துப் பழகியது. ஃபிளனகனுக்குப் பழக நேரம் கிடைக்கவில்லை. தனி வாசிக்கும் இடத்தில் அவர் தடுமாறுவது தட்டிலேயே கேட்கும். அறுபது வருசத்துக்கு மேலாக உலகம் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. துணை வாசிப்பவன் தவறினால் அந்தத் தவறு மட்டும் அவன் பெயரில் எழுதப்படும். 1978இல் மாரடைப்பு வந்தபிறகு எல்லாவிடமிருந்து விலகினார் ஃபிளனகன். சொந்தமாக மூவர் குழு வைத்தார். 1982இல் கோல்ட்ரேன் நினைவாக அதே உருப்படியைத் தன் பெயரிலேயே தட்டாக வாசித்துக் கொடுத்தார். 2001இல் இறந்தபோது அவரைத் துணைக்கலைஞர் என்று மட்டும் யாரும் சொல்ல முடியவில்லை.

இந்த இரண்டு பேர் வாழ்க்கையிலும் பக்கத்தில் உட்கார்வது இழிவாக இல்லை. ஏன்? ஃபிளனகன் விலக முடிந்தது. பழநி ஒரு கச்சேரியை வேண்டாம் என்று சொல்ல முடிந்தது. அவர்களைத் தள்ளிவைக்கப் பார்த்தவர்கள் இருந்தார்கள், உண்மை. ஆனாலும் வாசிக்கும்போது அவர்கள் தாமாக வாசித்தார்கள். இந்த இடத்தை மனதில் வைத்துக்கொண்டு எங்கள் ஊருக்கு வருவோம்.

ராஜபாளையத்திலிருந்து மேற்கே முடங்கியாறு ரோட்டில் போனால் மாந்தோப்பும் தென்னந்தோப்பும் தாண்டி ஆறாவது மைல் நீர்த்தேக்கம் வரும். ராஜபாளையம் டவுனுக்கு அங்கிருந்தும் குடிதண்ணீர் போகிறது. அதற்கு மேலே மலையடிவாரத்தில், ஆற்றைக் கடந்துபோனால் அய்யனார் கோவில். நீர்காத்த அய்யனார் என்பது முழுப்பெயர். மழைக்காலத்தில் ஆற்றில் வெள்ளம் வந்துவிட்டால் வனத்துறை ஆளை விடாது. 2021இலிருந்து இந்தக் காடு ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகமாகவும் இருக்கிறது.

அய்யனார் நடுத்தெய்வம். அவரைச் சுற்றிக் கருப்பன், முனி, மாடன் என்று காவல் தெய்வங்கள். பரிவார தெய்வம் என்று படித்தவர்கள் சொல்வார்கள். அய்யனாருக்குச் சைவப் படையல், கருப்பனுக்குக் கிடாய். கருப்பனுக்குக் கிடாய் வெட்டும்போது அய்யனார் பார்த்துவிடக் கூடாதென்று திரை போட்டு மறைக்கிற வழக்கம் தமிழ்நாட்டில் பல ஊர்களில் உண்டு. ராத்திரி எல்லையைச் சுற்றிவருவதும் பேயோடு மல்லுக்கட்டுவதும் கருப்பன் வேலை. சுத்தம் மட்டும் அய்யனாருடையது. சாமிகளுக்குள்ளேயே நடுவும் பக்கமும் வைத்திருக்கிற சமூகம், மனுசனுக்கு வைக்காமல் இருக்குமா?

எங்கள் பெரியப்பா தப்பும் உறுமியும் அடித்தவர். இந்த மலையடிவாரத்துக் கோவில்கள் அத்தனைக்கும் போயிருக்கிறார். எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தபோது, நாட்டார் வழக்காறு பாடத்துக்காக அவரிடம் அடிகளின் பெயர்களை எழுதிக்கொள்ளப் போனேன். அடிகளைச் சொல்லிவிட்டு அவராகவே ஒன்று சொன்னார்.

"ஏலே, இதையும் எழுதிக்க. சாமியாடி மேல சாமி சும்மா வராது. நாந்தேன் வரவைக்கணும். தப்பக் காய்ச்சி, அவன் காலு எப்ப நடுங்குது, கண்ணு எப்பச் சொருகுதுன்னு பாத்துப் பாத்து அடிய முடுக்கணும். சாமி வந்துருச்சுன்னு வையி, எல்லாரும் அவன் கால்ல விழுந்து திருநீறு வாங்குவாக. எனக்குத் தள்ளி நின்னாத்தேன் திருநீறு. சாமி வர்ற வரைக்கும் நான் வேணும், வந்ததுக்கப்புறம் நான் ஆகாது."

"போகாம இருந்துர வேண்டியதுதான பெரியப்பா?"

"போகாம இருந்தா களத்துல வேல இல்ல. வயக்காட்டுல கால வைக்க விடமாட்டாக. ஒங்கப்பன் போகலேன்னுதான வேல தேடி வெளியூரு போனான்."

சாமியாடியின் கால் நடுக்கத்தைப் பார்த்து அடியை முடுக்குவதும், பாடகரின் மூச்சைப் பார்த்து அடியை அடக்குவதும் ஒரே கலைதான். கேட்கிற காதும் கையின் கணக்கும் ஒன்றே. பழநிக்கும் என் பெரியப்பாவுக்கும் திறமையில் ஏற்றத்தாழ்வு இருக்கலாம், அதைக் கணக்குத் தெரிந்தவர்கள் சொல்லட்டும். நான் சொல்லும் வித்தியாசம் வேறு. பெரியப்பாவால் 'வரமாட்டேன்' என்று சொல்ல முடியவில்லை. சொன்னால் பிழைப்பு போகும், நடக்கிற பாதை போகும். மறுக்க முடிகிறவர் கொடுப்பதுதான் துணை. மறுக்க முடியாதவரிடமிருந்து வாங்குவதற்குப் பேர் ஊழியம். வாசிப்பு எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் இந்த வித்தியாசம் மாறாது.

இதனால்தான் நம் வரலாற்றில் முதலில் வந்தது மறுப்பு. சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் எல். இளையபெருமாள் (1924–2005) சாவுக்குப் பறையடிக்கக் கூடாது என்று சொல்லி இயக்கம் நடத்தினார். அடி, உதை, கேசு எல்லாம் வந்தது. ஊர் தன் பிணத்தைப் பறையில்லாமல் எடுக்க வேண்டியிருந்தது. அதுவரை மேளம் என்பது காற்றுமாதிரி, கேட்காமலே கிடைப்பது என்று நினைத்திருந்தவர்களுக்கு அதற்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறான் என்று தெரிந்தது அன்றைக்குத்தான்.

பிறகு 1990களில் அதே பறையைத் தலித் கலைவிழாக்களில் நாமே மேடையில் ஏற்றினோம். கே.ஏ. குணசேகரன் பாடினார். மதுரை இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு நம் மெட்டுகளை எடுத்து வேலை செய்தார். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையைத் தோளில் மாட்டினார்கள். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. 'பறையை உடை' என்றவர்களுக்கும் 'பறையை எடு' என்றவர்களுக்கும் நம் பத்திரிகைகளில் பெரிய சண்டை நடந்தது. இழிவின் சின்னத்தை எப்படிக் கலை என்று கொண்டாடுவது என்று ஒரு பக்கம். கலையை எப்படி எதிரியிடம் விட்டுக்கொடுப்பது என்று இன்னொரு பக்கம். நான் பார்த்த அளவில் இரண்டும் எதிரெதிர் இல்லை. இளையபெருமாளின் ஆட்கள் கீழே வைத்ததால்தான் சக்தி குழுப் பெண்கள் அதைத் தாமாகக் கையில் எடுக்க முடிந்தது. கீழே வைக்க முடியாத பறையை யாரும் எடுக்கவும் முடியாது, அது கழுத்தில் கிடக்கும், அவ்வளவுதான்.

மறுப்பு என்று சொல்லிவிட்டால் கதை முடிந்துவிடுமா? இல்லை. இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது.

பாலக்காடு மணி ஐயர் (1912–1981) மிருதங்கத்தின் மதிப்பை உயர்த்தியவர். சென்னை மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதி பட்டம் 1966இல் அவருக்குக் கிடைத்தது. மிருதங்கக்காரர் ஒருவருக்கு அது முதல்முறை. பக்கத்தில் இருந்தவர் நடுவுக்கு வந்தார் என்று கொண்டாடலாம். ஆனால் அதே மணி ஐயர் வெகுகாலம் பெண்களுக்கு வாசிக்க மறுத்தவர். டி.கே. பட்டம்மாளுக்குத்தான் முதன்முதலில் வாசித்தார். பட்டம்மாள் பிற்பாடு அவருக்குச் சம்பந்தியும் ஆனவர். பெண் பாடினால் பக்கவாத்தியம் வாசிப்பது கௌரவக் குறைச்சல் என்று நினைத்த வித்துவான்கள் அவர் ஒருவர் மட்டும் இல்லை. இதுவும் மறுப்புத்தானே? பெரியப்பாவால் சொல்ல முடியாமல்போன அதே 'வரமாட்டேன்'தானே?

வார்த்தை ஒன்றுதான், போகிற திசை வேறு. தன்னை மிதிப்பவனிடம் வரமாட்டேன் என்று சொல்வதில் ஒரு மனுசன் நிமிர்கிறான். ஏற்கெனவே தள்ளிவைக்கப்பட்டவரிடம் வரமாட்டேன் என்று சொல்வது, அந்தத் தள்ளிவைப்பில் தானும் ஒரு கை போடுவது. ஆகவே மறுக்கும் உரிமை வேண்டும் என்று கேட்கிற நாம், அந்த உரிமையை யாரிடம் பயன்படுத்துகிறோம் என்பதற்கும் பதில் சொல்லியாக வேண்டும். நம் வீட்டுப் பெண்களிடமும், நமக்குள்ளேயே நமக்குக் கீழே என்று ஆக்கி வைத்திருக்கிற சாதிகளிடமும் நாம் மறுப்பது எவ்வளவு என்று எண்ணிப்பார்த்தால் தெரியும்.

மணி ஐயருக்குப் பின்னால் இன்னொரு ஆள் இருந்தார். தஞ்சாவூர் பர்லாந்து. மணி ஐயருக்கு மிருதங்கம் செய்து கொடுத்தவர். பலாமரக் கட்டை, பசுத்தோல், ஆட்டுத்தோல், இறுக்கிக் கட்ட எருமை வார். தோலைத் தடவிப் பார்த்தே நாதம் எப்படி வரும் என்று சொல்கிற கை அது. மணி ஐயர் மனதில் கேட்ட நாதத்தைத் தோலில் கொண்டுவரப் பல வருசம் அவரோடு சேர்ந்து உழைத்த மனிதர். மாட்டுத்தோலில் கைவைப்பது தீட்டு, அந்தத் தோலில் வாசிப்பது நாதோபாசனை! மிருதங்கம் செய்பவர்களில் பெரும்பாலோர் தலித் கிறித்தவர்கள். அவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற ஆங்கில நூலை எழுதினார். வெளியீட்டு விழாவுக்கு முதலில் இடம் தந்த கலாக்ஷேத்ரா பிறகு அனுமதியை ரத்து செய்தது. விழா வேறு இடத்தில் நடந்தது. பக்கவாத்தியக்காரருக்காவது மேடையில் ஒரு ஓரம் இருக்கிறது. பர்லாந்துக்கு அந்த ஓரமும் இல்லை. நடுவுக்கு ஒரு பக்கம் இருந்தால், அந்தப் பக்கத்துக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. ஒவ்வொருவரும் தனக்கு மேலே பார்த்துக் குமுறுகிறோம், கீழே பார்ப்பதில்லை. அம்பேத்கர் படிக்கட்டுச் சமத்துவமின்மை என்று சொன்னது இந்த மேடைக்கும் பொருந்தும்.

நடுவுக்கே வந்துவிட்டால்? அதற்கும் உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. அய்யனார் கோவில் மலைத்தொடருக்கு அந்தப் பக்கம் தேனி மாவட்டம். அங்கே பண்ணைப்புரம். பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் மேடைகளில் பாட, தம்பி இளையராஜா ஆர்மோனியம் வாசித்தார். 1960கள் அப்படிக் கழிந்தன. பிறகு சென்னை. தன்ராஜ் மாஸ்டரிடம் படிப்பு, அடுத்தவர் இசைக்குக் கிதார் வாசிப்பு, ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளர். 1976இல் 'அன்னக்கிளி'. பாவலர் அதைப் பார்க்கவில்லை, 1973லேயே இறந்துவிட்டார். பக்கத்திலிருந்து நடுவுக்கு வந்தவர்களில் இவரைவிடப் பெரிய உதாரணம் தமிழில் கிடையாது.

2024 டிசம்பர் 15 அன்று அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோவிலுக்கு வந்தார். பாசுரங்களுக்கு அவர் அமைத்த இசை நிகழ்ச்சியாக நடந்த நாள் அது. கருவறைக்கு முன்னாலுள்ள அர்த்த மண்டபத்தின் வாசலில் அவரை வெளியே நிற்கச் சொன்னார்கள். படக்காட்சி ஊரெல்லாம் சுற்றியது. அர்ச்சகர்களும் ஜீயர்களும் தவிர வேறு யாரும் உள்ளே போகும் வழக்கமில்லை என்று கோவில் தரப்பு விளக்கம் சொன்னது. தன் சுயமரியாதையைத் தான் விட்டுக்கொடுக்கவில்லை, வதந்தி பரப்ப வேண்டாம் என்று அவரே சொன்னார். அவர் சொன்னபிறகு அவருக்காகப் புண்பட நமக்கு உரிமையில்லை. அவர் மனது அவருடையது.

ஆனால் அந்த வாசற்படியைப் பற்றிப் பேச நமக்கு உரிமை இருக்கிறது. 'யாருக்குமே அனுமதியில்லை' என்ற விளக்கத்தில்தான் விசயமே இருக்கிறது. யாருக்குமே என்றால் யாருக்கு? பிறப்பால் உள்ளே இருப்பவர்களைத் தவிர மற்ற யாருக்குமே. பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்க 1970இல் தமிழ்நாட்டில் சட்டத்திருத்தம் வந்தது. அதற்கு ஐம்பது வருசம் கழித்தும் அந்தப் படியில் உள்ளே யார், வெளியே யார் என்பது பிறப்பைப் பார்த்துத்தான் பெரும்பாலும் தீர்மானமாகிறது. ஒரு ஆள் நடுவுக்கு வந்துவிடலாம், அவர் திறமைக்கு உலகமே எழுந்து நிற்கலாம். நடுவையும் பக்கத்தையும் பிரித்த கோடு அதனால் அழிவதில்லை. ஆகையால் 'மையத்துக்குப் போவோம்' என்பதை நம் கோரிக்கையாக வைக்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. எல்லோரும் நடுவில் உட்கார்ந்துவிட்டால் கேட்பது யார்? கேட்டு, அடக்கி, இன்னொருத்தர் குரல் எழும்ப இடம் கொடுக்கும் அந்தக் கலையை இழிவு என்று நாமே தூக்கியெறிய வேண்டுமா? பக்கத்தில் உட்கார்வது பிறப்பால் வராமல் இருக்கவேண்டும். உட்கார்ந்தவர் எழுந்துபோக முடியவேண்டும். எழுந்துபோனால் அவர் பிழைப்பும் பாதையும் போகாமல் இருக்கவேண்டும். கோரிக்கை இதுதான்.

இதை எதிரியிடம் கேட்பதற்கு முன்னால் நம் கூட்டங்களில் பார்த்துவிடலாம். மாநாட்டுக்குப் பறைக்குழுவைக் கூப்பிடுகிறோம். வெயிலில் ஒரு மணி நேரம் அடிக்கிறார்கள், சனம் கூடுகிறது. தலைவர் கார் வந்ததும் 'போதும்' என்று கையைக் காட்டுகிறோம். தோழர்கள்தானே என்று பஸ் காசைக் கொடுத்து அனுப்புகிறோம். போஸ்டரில் பேச்சாளர்கள் பேர் வரிசையாக இருக்கும், கடைசியில் 'பறையிசை' என்று மட்டும் இருக்கும். அடித்தவர்களுக்குப் பேர் இல்லை. ஊர் என் பெரியப்பாவைக் கூப்பிட்டதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்?

பெரிய வேலை ஒன்றும் இல்லை. அடிப்பவர்கள் பெயரைப் பேச்சாளர் பெயர் அளவிலேயே அச்சடிக்கலாம். சம்பளத்தை அவர்கள் வாயால் சொல்லவைத்து, அதை முன்கூட்டியே கொடுக்கலாம். அவர்கள் அடித்து முடிக்கிற வரைக்கும் தலைவர் கீழே நின்று கேட்கலாம். ஏதோ ஒரு கூட்டத்துக்கு அவர்கள் 'இன்னைக்கு வரல தோழர்' என்று சொல்லக்கூடும். காரணம் கேட்காமல் சரி என்று சொல்லிவிட்டு, அடுத்த கூட்டத்துக்கும் அவர்களைத்தான் கூப்பிட வேண்டும்.